வன்தட்டில் ஒரு பாகப்பிரிவினை

பாகப்பிரிவினை என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊர்ப்புறத்து வீடுகளில் பேச்சு சற்றுத் தணிந்துவிடும். வரப்பு ஒரு சாண் நகர்ந்தாலும் பத்திரமும் பட்டாவும் புல வரைபடமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வழக்கு இரண்டு தலைமுறைக்கு நீளும். கணினியின் வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிப்பதும் பாகப்பிரிவினைதான். பார்ட்டிஷன் என்று அவர்கள் வைத்த பெயருக்கும் பொருள் அதுவே. அங்கும் வரப்பு உண்டு, பதிவேடு உண்டு. ஒரு வேறுபாடு மட்டும்: நிலத்தில் வரப்பு தவறினால் மண் அங்கேயே கிடக்கும், வன்தட்டில் தவறினால் விளைந்தது காணாமற்போகும்.

இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் இதை எழுதுவானேன் என்று கேட்கலாம். நம்மில் பலருடைய இருபதாண்டு உழைப்பு இன்று அலமாரியில் இல்லை. சி, டி என்னும் இரண்டு எழுத்துகளுக்குள் இருக்கிறது. ஆய்வேடு, பாடக்குறிப்பு, அச்சேறாத கட்டுரை, மறைந்த பெரியவர்களின் நேர்காணல் என எல்லாம் அங்கேதான். அந்த வீட்டின் வரப்பை நகர்த்த வேண்டிய நாள் எல்லோருக்கும் ஒருமுறை வருகிறது.

எங்களுக்கு வந்தது. நாங்கள் இருவரும், கணவனும் மனைவியும், தமிழ் முதுகலை படித்துக் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவர்கள். வீடு தென்னேரியில். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று எங்கள் ஊர் ஏரி. திரையனேரி என்பதே தென்னேரி என மருவிற்று என்று கூறி, இளந்திரையனோடு ஊரை இணைத்துப் பேசுவோர் உண்டு. 2008 முதல் 2012 வரை விடுமுறை நாள்களில் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை, பிள்ளையார்பாளையம் எனச் சென்று முதிய நெசவாளர்களிடம் தறிக்குரிய சொற்களை அவர்கள் வாய்மொழியாகவே ஒலிப்பதிவு செய்தோம். பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது எனத் தொடங்கி, உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்து ஊடையால் நெய்து பிணைக்கும் கோர்வை, முந்தியை உடலோடு இணைக்கும் பெட்னி வரையில் அந்தத் தொகுப்பு நீண்டது. பேசியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. ஒலிப்பதிவுகள் 41; அவற்றோடு ஒரு சொல்லடைவு. இவையனைத்தும் இருந்த இடம், 2016-இல் வாங்கிய வீட்டுக் கணினியின் டி பகுதி.

அக்கணினியின் வன்தட்டு 1 டெராபைட். தயாரிப்பாளர் கணக்கில் ஒரு டெராபைட் என்பது ஒரு இலட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024-இன் மடங்குகளில் எண்ணுவதால் அதனை 931 ஜிபி என்று காட்டும். பலர் இதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ணுவதுண்டு, அளவுகோல்தான் வேறு. வாங்கும்போதே அதனைச் சி-க்கு 100 ஜிபி, எஞ்சியதெல்லாம் டி-க்கு என்று பிரித்திருந்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல இயங்குதளத்தின் புதுப்பிப்புகள் சி-யை நிரப்பின. டி-யிலோ பாதிக்கு மேல் தரிசு. இடமிருக்கும் தம்பியிடமிருந்து இடமில்லாத அண்ணனுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தால் என்ன என்பதே முதலில் எழுந்த எண்ணம்.

இங்கே வன்தட்டின் பதிவேட்டு முறையைச் சற்று விளக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு கணக்குகள் உண்டு. முதலாவது பகுதி அட்டவணை. எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டும் சொல்லும். இது பட்டா போன்றது. 1983-இல் ஐபிஎம் கணினிகளுக்கான டாஸ் 2.0-உடன் வந்த பழைய முறையில் இந்த அட்டவணை வன்தட்டின் முதல் 512 பைட்டுக்குள் 64 பைட் இடத்தில் அடங்கியது. நான்கு பகுதிகளுக்கே அதில் வரிகள் இருந்தன. இன்றைய ஜிபிடி முறையில் பொதுவாக 128 வரிகள் உண்டு. அட்டவணையின் மறுபடி ஒன்று வன்தட்டின் இறுதியிலும் வைக்கப்படுகிறது. இரண்டாவது கணக்கு, பகுதிக்கு உள்ளேயே இருக்கும் கோப்பமைப்பு. எந்தக் கோப்பு எந்தக் கட்டத்தில் கிடக்கிறது என்பதை அது சொல்லும். இது கிராமக் கணக்கின் அடங்கல் போன்றது.

அளவு மாற்றுதல் என்பது இவ்விரண்டு கணக்குகளையும் ஒத்துப்போகச் செய்வதே. பகுதியைச் சுருக்குவதானால் முதலில் உள்ளே இருப்பவற்றை ஒதுக்கி, கோப்பமைப்பைச் சிறிதாக்கி, அதன் பின்னரே எல்லையை உள்ளிழுக்க வேண்டும். விரிப்பதானால் முதலில் எல்லையை நகர்த்தி, பின்னர் கோப்பமைப்பை விரிக்க வேண்டும். வரிசை மாறினால், அடங்கலில் உள்ள பயிர் பட்டாவுக்கு வெளியே போய்விடும். தரமான கருவிகள் இவ்வரிசையைத் தாமே கடைப்பிடிக்கின்றன. விண்டோஸில் 2007-இல் வந்த விஸ்டா முதல் பகுதியைச் சுருக்கும் வசதி வட்டு மேலாண்மையிலேயே உண்டு. லினக்ஸ் உலகில் 2004 முதல் ஜிபார்ட்டெட் என்னும் இலவசக் கருவி இருக்கிறது.

பின் என்ன தடை? சி-யை விரிக்க வேண்டுமென்றால் வெற்றிடம் அதன் வலப்பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது விண்டோஸின் விதி. டி-யைச் சுருக்கினாலோ வெற்றிடம் டி-யின் கடைக்கோடியில் உண்டாகும். இடையில் டி முழுவதும் கிடக்கும். ஆகவே விரிக்கும் கட்டளை மங்கலாகவே தெரியும், அழுத்த முடியாது. அதற்கு மேலும் செய்ய வேண்டுமானால் டி-யின் தொடக்கத்தையே வலப்புறம் தள்ள வேண்டும். அப்போது அதிலுள்ள நூற்றுக்கணக்கான ஜிபியும் ஒவ்வொரு கட்டமாகப் பெயர்க்கப்படும். பல மணி நேரம் ஆகலாம். நடுவில் மின்சாரம் நின்றால், பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாகக் கிடக்கும் பகுதிக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது.

இதை எங்களுக்குத் தெளிவுபடுத்தியவர் எங்கள் பழைய மாணவர் ஒருவர். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. இன்று காஞ்சிபுரத்தில் சேலைகளுக்குக் கணினியில் வடிவமைப்புச் செய்கிறார். “ஐயா, கடைசி வரப்பை நகர்த்தலாம், நடு வரப்பை நகர்த்த வேண்டாம்” என்று ஒரே வரியில் முடித்தார். எங்கே கற்றாய் தம்பி என்றோம். பள்ளியில் கிடைத்த மடிக்கணினியில் என்றார்.

அவர் சொன்னது தமிழகத்தின் ஒரு தலைமுறைக்கே பொருந்தும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியபோது அவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. பாஸ் என்பது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி உருவாக்கிய இயங்குதளம். கணினியே இல்லாதிருந்த வீடுகளுக்குள் முதல் கணினி நுழைந்தபோதே அதனுள் ஒரு பாகப்பிரிவினையும் நுழைந்தது. பாட்டுக்கும் படத்துக்கும் இடம் வேண்டி லினக்ஸ் பகுதியை அழித்துவிட்ட பிள்ளைகள் உண்டு. அழித்தபோது ஒன்றும் ஆகாது. மறுநாள் இயக்கினால் கறுப்புத் திரையில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் மட்டும் நிற்கும். எந்த இயங்குதளத்தைத் திறப்பது என்று கேட்கும் கிரப் என்னும் வாயில்காப்போனின் பெரும்பகுதி, அழிக்கப்பட்ட அந்த லினக்ஸ் பகுதியில்தான் குடியிருந்தது. விண்டோஸ் உள்ளே பழுதின்றி இருக்கும். கதவைத் திறக்கத்தான் ஆள் இராது. விண்டோஸ் நிறுவல் வட்டைக் கொண்டு தொடக்கப் பதிவைச் சீர்செய்தால் மீண்டும் திறக்கும். இதை அறியாமல், எல்லாம் போயிற்று என்று முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவியவர்களுக்கு உண்மையாகவே எல்லாம் போயிற்று.

பிள்ளைகளின் விளையாட்டு என்று இதனை ஒதுக்கவும் முடியாது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, மீட்புப் பகுதியில் போதிய இடமில்லாத கணினிகளில் நிறுவ இயலாமல் பிழை காட்டிற்று. சி-யை 250 எம்பி சுருக்கி மீட்புப் பகுதியைப் பயனரே பெரிதாக்கிக்கொள்ளுமாறு அந்நிறுவனம் வழிகாட்டியது. கட்டளை வரிகளைத் தட்டச்சு செய்து அறியாத இல்லங்களுக்கும் அந்த வழிகாட்டுதல்தான்.

எங்கள் கணினிக்கு வேறொரு காலக்கெடுவும் இருந்தது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி எங்கள் பழைய செயலிக்கு இல்லை. எனவே மூவருமாகக் கூடி முடிவு செய்தோம். சி-யை விரிப்பதில்லை. அதிலிருந்த படங்களையும் பதிவிறக்கங்களையும் டி-க்கு மாற்றி, பயன்படாத நிரல்களை நீக்கினாலே அதற்கு மூச்சு விட இடம் கிடைக்கும். டி-யின் கடைக்கோடியில் 120 ஜிபி சுருக்கி, அவ்விடத்தில் லினக்ஸை நிறுவலாம். நடு வரப்பு அசையாது. கடைசி வரப்பு மட்டும் உள்ளே வரும்.

ஆனால் தொடுவதற்கு முன் படியெடுக்க வேண்டும் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தமிழ் படித்தவர்களுக்கு இதனைச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. ஓலை செல்லரிக்கும் என்பதால் முன்னோர் ஏட்டைப் பார்த்து ஏடெழுதினார்கள். உ.வே.சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பிக்க முடிந்தது, வெவ்வேறு வீடுகளிலும் மடங்களிலும் படிகள் இருந்தமையால்தான். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகள் அன்றோடு இல்லாதனவாயின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் எங்கள் மாவட்டத்திலும் கணினியோடு வீட்டு நூலகங்களும் நீரில் மூழ்கின. மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேற்றிடத்தில் என்று கணினியார் இன்று சொல்லும் விதியை ஓலைக்காலத்தவர் வேறு சொற்களில் அறிந்திருந்தார்கள்.

வெளி வன்தட்டு ஒன்று வாங்கி டி முழுவதையும் அதில் படியெடுத்தோம். பழைய திஸ்கி எழுத்துருக்களையும் மறவாமல் சேர்த்தோம். கோப்பு இருந்து எழுத்துரு இல்லாவிட்டால் அந்தக் கோப்பு படிக்க முடியாத ஓலைதான். கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இருபுறமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தோம். அதோடு நிற்கவில்லை; படியிலிருந்தே 41 ஒலிப்பதிவுகளையும் திறந்து கேட்டோம். எண் ஒத்திருப்பது வேறு, குரல் ஒலிப்பது வேறு. பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் ஒருவர், கோர்வைக்கு எதிர்ப்புறம் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித்தரும் பிள்ளை இல்லாமல் தறி நின்றுபோன நாள்களைச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் இருமி, தண்ணீர் கேட்கிறார். அந்த இருமலும் பழுதின்றி இருந்தது. அவருடைய பேரனுக்கும் ஒரு படி அனுப்பினோம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். வன்தட்டின் உடல்நலக் குறிப்பைப் பார்த்தோம்; பழுதுறத் தொடங்கிய தட்டாயின் அளவு மாற்றக் கூடாது, படியெடுப்பதோடு நிறுத்திவிட வேண்டும். கோப்பமைப்பில் பிழையுண்டா என்று விண்டோஸின் சோதனையை ஓட்டினோம். பிட்லாக்கர் குறியாக்கம் இருக்கிறதா என்று பார்த்தோம்; எங்கள் கணினியில் இல்லை. புதிய கணினிகள் பலவற்றில் அது தானாகவே இயங்குகிறது. அத்தகையோர் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் எதையும் தொடலாகாது. விரைவுத் தொடக்கம் என்னும் வசதியை நிறுத்தினோம். அது இருந்தால் கணினி முழுதாக அணையாமல் அரைத் துயிலில் இருக்கும், அந்நிலையில் பகுதியை லினக்ஸ் தொடுவது ஆபத்து. மின்தடைக்குத் துணையாக யுபிஎஸ் இருந்தது. விண்டோஸின் பகுதியை விண்டோஸின் கருவியைக் கொண்டே சுருக்கினோம்; லினக்ஸ் நிறுவும்போது வெற்றிடத்தை மட்டும் சுட்டினோம். முழு வட்டையும் அழித்து நிறுவுக என்னும் தெரிவு அதே திரையில்தான் இருக்கிறது; அங்கே அவசரம் கூடாது.

சுருக்குவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. படியெடுக்கவும் கேட்டுச் சரிபார்க்கவும் ஐந்து நாள். இந்த விகிதத்தைத்தான் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். பாதுகாப்பாக அளவு மாற்றுவது எப்படி என்று கேட்போர் பெரும்பாலும் எந்தக் கருவி நல்லது என்றே கேட்கிறார்கள். கருவிகள் நல்லவையே. ஆனால் வேற்றிடத்தில் சரிபார்த்த படி ஒன்று இருந்தால், எந்தக் கருவி தவறினாலும் இழப்பது ஒரு பிற்பகல். படி இல்லாவிட்டால், இழப்பதை எந்தக் கருவியும் திருப்பித் தராது. வரப்பை நகர்த்த நேராவிட்டாலும், இந்த விடுமுறையில் உங்கள் டி-யைத் திறந்து, வேறெங்கும் இல்லாதது எது என்று ஒருமுறை பாருங்கள். முதலில் படியெடுக்க வேண்டியது அதுவே.