எல்லை கடந்த ஒரு புகைவண்டிப் பிரயாணம்

அயலூரில் நெடுநாள் வாழ்பவர்க்குச் சொந்த ஊர் ஒரு பண்டிகையைப் போல் ஆகிவிடுகிறது. ஆண்டிற்கொருமுறை அதனை ஆவலோடு நினைப்பர். எஞ்சிய நாள்களில் மறந்திருப்பர். யாமும் அவ்வகுப்பினரே. கலாசாலைப் படிப்பு முடிந்தபின் உத்தியோகத்தின் பொருட்டுக் கொல்லம் நகரிற் குடியேறினோம். கடலும் காயலும் தென்னஞ்சோலையும் சூழ்ந்த அந்நகரில், மலையாளம் வழங்கும் ஒரு தெருவில், எம் மகன் பிறந்து வளர்ந்தான்.

2019-ஆம் ஆண்டு ஆனி மாதக் கடைசியில், காலஞ்சென்ற எம் தந்தையாரின் தென்காசி வீட்டை விற்கவேண்டி, யாமும் மனைவியும் பத்து வயது மகனுமாகக் கொல்லத்தில் நண்பகல் வண்டி ஏறினோம். அப்பிரயாணத்தில் யாம் பெற்ற பாடம் பிறர்க்கும் பயன்படுமென்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

இந்த இருப்புப்பாதை 1904-இல் திறக்கப்பட்டது. திருவாங்கூர் சமஸ்தானம் கண்ட முதல் இருப்புப்பாதை இதுவே. அந்நாளில் இவ்வழியே மேற்கே போனவர்கள் மெய்யாகவே வேற்றரசின் நாட்டிற்குட் புகுந்தார்கள். மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக்கும்பொருட்டு 2010-இல் மலைப்பகுதியில் வண்டி நிறுத்தப்பட்டது; 2018-இல் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் யாம் பஸ்ஸிலேயே ஊர் சென்று வந்தமையால், எம் மகனுக்கு இதுவே இவ்வழியில் முதற் புகைவண்டிப் பிரயாணம்.

அவன் ஜன்னலோரம் அமர்ந்து, வண்டி நிற்கும் இடந்தோறும் பெயர்ப்பலகையை உரக்க வாசித்து வந்தான். குண்டறை, கொட்டாரக்கரை, புனலூர் என்று மலையாள எழுத்துக்களை அவன் தட்டின்றிப் படிக்கக் கேட்டு எமக்குப் பெருமை உண்டாயிற்று. புனலூரில், 1877-இல் கல்லடையாற்றின்மேல் அமைத்த தொங்குபாலத்தைப் பற்றிக் கூறினோம். செங்கோட்டையிற் பிறந்த வாஞ்சிநாதன் இப்புனலூரில் வனத்துறை உத்தியோகம் பார்த்ததையும், 1911-இல் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் உயிர் மாய்த்துக்கொண்டதையும் கூறினோம். "இவ்வளவு தூரத்திலா வேலை பார்த்தார்?" என்றான் பையன். "உன் தகப்பனும் அப்படித்தானே" என்றாள் அவன் தாய்.

புனலூர் கடந்ததும் வண்டியின் போக்கு மாறிற்று. ஏற்றம் மிகுதியாதலின், பின்னாலும் ஓர் எஞ்சின் பூட்டித் தள்ளிற்று. தென்மலை கடந்து, கழுதுருட்டியருகே பதின்மூன்று கண்களையுடைய கற்பாலத்தின்மீது வண்டி மெல்ல ஊர்ந்தபோது, கீழே காடும் மேலே முகிலுமாயிருந்தது. மழை ஜன்னலில் அறைந்தது. ஆரியங்காவிற்கு அப்பால் நீண்ட குகைக்குள் வண்டி நுழைந்தது. எங்கும் இருள் சூழ்ந்தது.

குகையின் மறுவாயில் தமிழ்நாடு. அங்கே மழை சாரலாய் மெலிந்து, காற்று மட்டும் பலத்து வீசிற்று. அரபிக்கடலினின்று எழுந்த மேகங்கள் மேற்குச் சரிவிலே தம் பாரத்தை இறக்கிவிட்டு, மிச்சத்தை இக்கணவாய் வழியே கொணர்ந்து தெளிக்கின்றன. மேற்கே ரப்பர் மரமும் ஓட்டு வீடும். கிழக்கே வயலும் பனையும் வெட்டவெளியும். ஒரு மலைக்கு இருபுறமும் இரண்டு உலகம்!

பகவதிபுரத்தில் வண்டி மெதுவாயிற்று. பையன் பலகையை நோக்கினான், வாய் திறக்கவில்லை. பின்பு ஆங்கில எழுத்தை வாசித்துவிட்டு, "அப்பா, மேலே எழுதியிருப்பதும் இதுதானா?" என்று வினவினான். "ஆம்" என்றோம். வேறொன்றும் சொல்ல நா எழவில்லை. வீட்டில் அவன் தமிழ் பேசுவான்; ஆனால் எழுத்தைக் கற்பிக்க எமக்கு நேரமில்லை என்று ஆண்டுதோறும் ஒரு சாக்குச் சொல்லி வந்தோம். செங்கோட்டையிலும் தென்காசியிலும் அவன் பலகைகளை வாசிக்கவேயில்லை.

தென்காசியில் எம் அத்தை எதிர்கொண்டழைத்தாள். "வாங்க மருமகனே, சுகமா? பேரப்பிள்ளை வளர்ந்துட்டானே!" என்று பையனைத் தழுவிக்கொண்டாள். அன்று மாலை வீட்டுச் சாமான்களைப் பிரித்து வைக்கையில், தந்தையாரின் பழைய தமிழ் வேதாகமத்தை அவள் எம் கையிற் கொடுத்தாள். அதன் முதலேட்டில் எங்கள் குடும்பத்தாரின் பிறப்பும் விவாகமும் மரணமும் மூன்று தலைமுறையாக எழுதப்பட்டிருந்தன. கடைசி வரி எம் தந்தையார் நடுங்குங் கையால் எழுதியது: எம் மகனுடைய பெயரும் பிறந்த தேதியும். பையன் அவ்வேட்டை நெடுநேரம் உற்று நோக்கி, "இதில் என் பெயர் எது?" என்று கேட்டான். பாட்டனார் தன் பெயரை எழுதி வைத்திருக்க, அதனைத் தன்னதென்று அறியக்கூடாத பேரனாக அவனை வளர்த்தவர் யாமே. அன்றிரவு எமக்கு உறக்கமில்லை.

மறுநாட் காலை குற்றாலம் சென்றோம். பேரருவியில் வெள்ளம் நன்றாக விழுந்தது. எண்ணெய் தேய்த்த உடம்போடு நின்ற கூட்டத்தில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலித்தன. அருவியின் முழக்கத்தில் இரண்டும் ஒன்றாயின. பையன் குளித்து நடுங்கி வந்து, கடைவீதியில் மங்குஸ்தான் பழம் வாங்கித் தின்றான். எமக்கோ மனம் வேதாகமத்தின் முதலேட்டிலேயே இருந்தது.

திரும்பும் வழியில் தென்காசிப் பெரிய கோவிலின் கோபுரத்தைப் பார்த்து நின்றோம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த ஆலயம் அது. அதன் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் நின்று, 1990-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. தன் பணிக்குப் பிற்காலத்தில் பழுது நேர்ந்தால் அதனைத் திருத்துபவர் எவராயினும் அவர் அடி பணிவேன் என்று அப்பாண்டியன் கல்வெட்டிற் பொறித்து வைத்தான். யாம் கிறிஸ்தவராயினும் அவ்வரசனின் தாழ்மை எம் நெஞ்சைத் தொட்டது. எழுப்பினவனுக்குள்ள பெருமை பழுது பார்ப்பவனுக்கும் உண்டு என்றன்றோ அவன் கருதினான்! நம் கையிற் பழுதானவற்றை நாம் திருத்தாது விடலாமோ?

வீட்டை விற்றுத்தான் தீரவேண்டியிருந்தது, பத்திரத்திற் கையெழுத்திட்டோம். வேதாகமத்தை மட்டும் எம்மோடு எடுத்துக்கொண்டோம். போகும் வண்டிக்குக் காத்திருக்கையில், தென்காசி ஸ்டேஷன் பலகையின் எதிரே பையனை நிறுத்தி, "தெ" என்று தொடங்கி நான்கெழுத்தும் சொல்லிக் கொடுத்தோம். செங்கோட்டை வருமுன் அவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டினான். அன்றுமுதல் இரவு உணவிற்குப்பின் அரைமணி நேரம் தமிழுக்கென்று ஒதுக்கினோம்.

செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் இடையே பிரானூர் என்னும் ஊரில் 'பார்டர்' என்றே இன்றும் ஓரிடம் வழங்குகிறது. 1956-இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர, எல்லை மேற்கே மலைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. அரசர் வகுக்கும் எல்லைகள் இங்ஙனம் இடம் பெயரும். ஆனால் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இடையே எழுத்தறியாமை என்னும் எல்லையை இடுபவர் நாமே. அதனை அகற்ற வேண்டியவரும் நாமே. அயல்நாட்டிலும் அயல்மாகாணத்திலும் வாழும் எம் பழைய மாணவ நண்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.

2021-இல் எமக்கொரு பெண்மகவு பிறந்தது. வேதாகமத்தின் அம்முதலேட்டில், தன் பெயருக்குக் கீழே, தங்கையின் பெயரைத் தமிழில் எழுதியவன் எம் மகனே.