பெரிய கோயிலின் நிழல்

சித்திரை வெயிலில் தஞ்சைப் பெரிய கோயில் முற்றத்தில் வெறுங்காலுடன் நடப்பவர்கள் ஓடிப்போய் ஒதுங்குவது திருச்சுற்று மாளிகையில்தான். ராஜராஜ சோழனின் சேனாபதி கிருஷ்ணன் ராமன் கட்டிய இந்த நீண்ட மண்டபம், ஆயிரம் ஆண்டுகளாக வருவோருக்கு நிழல் தருகிறது.

கூடுதல் நிழல் வேண்டுமென்றால்? பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்ப 2010 சட்டத்திருத்தம் தடை விதிக்கிறது. கழிப்பறை, வடிகால், குடிநீர் வசதிக்கு விலக்கு உண்டு.

பந்தலிலும் ஆபத்து உண்டு. 1997 ஜூனில் குடமுழுக்கு வேளையில் யாகசாலைப் பந்தல் தீப்பற்றி 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தஞ்சாவூர் மறக்கவில்லை.

மிஞ்சுவது மரங்களும் பழைய மண்டபமும்தான். வாசலிலிருந்து மண்டபம்வரை தென்னைநார் விரிப்பு, பக்கத்திலேயே குடிநீர், வெளியே மரநிழலில் வண்டி நிறுத்தம். இவ்வளவு இருந்தாலே தாத்தா பாட்டியும் நிம்மதியாக விமானத்தை அண்ணாந்து பார்க்கலாம்.