மேலே போன பிள்ளை

ஹட்டன் பஸ் நிலையத்தை ஒட்டிய சந்துத் தேநீர்க் கடையில் அன்று மாலை எல்லோர் வாயிலும் ஒரே பிள்ளை. வயது பதினேழு. முந்தாநாள் பின்னேரம் விறகுக்கென்று மேற்கணக்குக் காட்டுக்குள் ஏறியவன் இன்னும் லயத்துக்குத் திரும்பவில்லை. அவன் பெயரும் தோட்டத்தின் பெயரும் இங்கே வேண்டாம். ஆனி மாதம். நாள் முழுக்க ஓயாத தூறல். எதிர்க் கடையின் பெயர்ப்பலகை பனிமூட்டத்தில் தெரியவில்லை.

"ரெண்டு ராத்திரி ஆச்சு. இந்தக் குளிருக்கு எங்கிட்டுத் தாங்குறது?" என்றார் ஓட்டோக்காரர்.

"குளிரா? புலி தூக்கியிருக்கும். போன மாசம் எங்க லயத்து நாயத் தூக்கிட்டுப் போச்சில்ல" என்று ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்.

கொழும்பில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன் லீவுக்கு வந்திருந்தான். செல்பேசியில் பையனின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபடியே, "மூணு நாள் தாண்டினா சான்ஸே இல்ல அண்ணே" என்றான். எதை வைத்து மூன்று நாள் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று என்ற எண் வந்ததும் கடை அதைப் பிடித்துக்கொண்டது. நாளைக்கு மூன்றாம் நாள். அதற்குப் பிறகு தேடுவது உடலைத்தான் என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது.

இதையெல்லாம் கேட்டபடி மூலை பெஞ்சில் பையனின் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். அவர் யார் என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எவரும் குரலைத் தணிக்கவில்லை. அவர் காட்டிலிருந்து இறங்கி நேரே பொலிசுக்குப் போய்விட்டு அங்கிருந்து வந்திருந்தார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டியிருந்தார். கெண்டைக்காலிலும் விரலிடுக்கிலும் அட்டைக் கடிகள். அட்டை விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் மெல்லிய கோடாக இறங்கி ரப்பர் செருப்பில் தேங்கியிருந்தது. அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. போட்டோப் பிரதிகளை நாலாய் மடித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் ஒரு பாட்டி. கொழுந்தெடுத்துப் பென்சன் வாங்கிய கை என்பது விரல்நுனிக் கறுப்பில் தெரிந்தது. வெற்றிலைப் பையை அவிழ்த்து, ஆள்காட்டி விரலில் சுண்ணாம்பைத் தொட்டு, குனிந்து, ஒவ்வொரு கடிவாயிலும் வைத்து அழுத்தினார். மாமன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பாட்டி விடவில்லை. "சும்மா இரு தம்பி" என்றார். அதுவரை அந்தக் கடையில் அந்த மனிதருக்காகச் சொல்லப்பட்ட வார்த்தை அது ஒன்றுதான்.

நான் வாய் திறக்கவில்லை. மஸ்கெலியா பஸ்ஸுக்குக் காத்திருந்த வெளியாள் நான். ஆனாலும் அங்கே பேசப்பட்டவற்றில் எது எவ்வளவு உண்மை என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

புலி என்று மலையகத்தில் சொல்வது சிறுத்தையை. இந்தத் தீவில் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்கிறார்கள் ஆய்வாளர்கள். தேயிலை மலைகளிலும் அவற்றுக்கு நடமாட்டம் உண்டு. நாயையும் கன்றையும் தூக்கும். பதுங்கிய இடத்தில் ஆள் போய் நின்றால் பிறாண்டிவிட்டு ஓடும். மனிதனை இரையாகத் தேடி வருவது அபூர்வத்திலும் அபூர்வம். உண்மையில் மனிதன் வைக்கும் கம்பிச் சுருக்கில்தான் சிறுத்தை சாகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் பன்றிக்கு வைத்த சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. காப்பாற்ற எடுத்த முயற்சியெல்லாம் தோற்று, மே 29 அன்று செத்தது. காட்டுக்குள் போகும் பையனும் பயப்பட வேண்டியது அந்தச் சுருக்குக்குத்தான். கால் மாட்டினால் இருந்த இடத்தைவிட்டு நகர முடியாது.

குளிர் நிசமான எதிரி. நுவரெலியா 1868 மீட்டர் உயரம். ஆண்டுச் சராசரி வெப்பமே 16 பாகை அளவுதான். உறைபனி விழுந்தால்தான் ஆள் சாவான் என்பதில்லை. பத்துப் பன்னிரண்டு பாகையில், நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் போதும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கியதும் புத்தி தடுமாறும். எந்தப் பக்கம் வந்தோம் என்பது மறந்துபோகும். காலும் இடறும்.

தண்ணீரில்லாமல் மூன்று நாள் என்பது வறண்ட நாட்டுக் கணக்கு. ஆனி மாத மலையில் பாறைக்குப் பாறை ஊற்று. சோறில்லாமல் மனிதன் வாரக்கணக்கில் இருப்பான். கொழும்புத் தம்பியின் மூன்று நாள் இந்தக் காட்டில் செல்லாது.

அடுத்து ஓட்டோக்காரர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "ஓடையப் புடிச்சு எறங்கியிருந்தா இந்நேரம் ரோட்டுக்கு வந்திருப்பானே. வரலைன்னா என்னா அர்த்தம்?" ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்பது சமவெளிக்காரர் புத்தி. இந்த மலைகளில் ஓடையைப் பிடித்து இறங்கினால் வருவது பாறை விளிம்பு. டெவன் அருவி 97 மீட்டர், சென் கிளேயர் 80 மீட்டர். பெயரே இல்லாத அருவிகள் பல தோட்டங்களிலும் உண்டு. வழி தெரியாமல் இருட்டில் நிற்பவன் இறங்காமல் இருந்த இடத்திலேயே ஒண்டிக்கொண்டால் பிழைப்பான். ரோட்டுக்கு வரவில்லை என்பது அவன் புத்திசாலித்தனமாக எங்கோ உட்கார்ந்திருக்கிறான் என்பதற்கும் அடையாளமாக இருக்கலாம். கடையில் அந்தப் பொருளை யாரும் எடுக்கவில்லை.

சுண்ணாம்பு விரலைத் துடைத்துக்கொண்டே பாட்டி மாமனிடம் கேட்டார்.

"என்னா உடுத்திருந்தான்?"

"கால்சட்டையும் ஸ்வெட்டரும், பாட்டி."

"படங்கு எடுத்துட்டுப் போனானா?"

"ஆமா. வெறகு நனையாம கட்டுறதுக்கு எடுத்துட்டுத்தான் போனான். கத்தியும் கயிறும் இருக்கு."

"எவனாச்சும் புரோக்கர் லயத்துக்கு வந்து போனானா? கொழும்புல யாருகிட்டயாச்சும் கேட்டீங்களா?"

"கேட்டாச்சு. அடையாள அட்ட வீட்லதான் இருக்கு. காசு எதுவும் எடுக்கல."

"டர்பன்டைன் காட்டுக்கு அங்கிட்டு ஒரு பழைய காவக் குடிச இருந்துச்சே. அங்க பார்த்தீங்களா?"

மாமன் நிமிர்ந்து பார்த்தார். அங்கே யாரும் போகவில்லை. அப்படி ஒரு குடிசை இருப்பதே இப்போதுள்ள கங்காணிக்குத் தெரியாது. பாட்டி கொழுந்தெடுத்த காலத்தில் அது இருந்தது. கூரை போயிருக்கும், சுவர் நிற்கும் என்றார். அவர் கேட்டது நாலைந்து கேள்விதான். பிழைப்பானா மாட்டானா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் காற்றையும் ஈரத்தையும் தடுக்க ஒரு படங்கு கையில் இருக்கிறது, ஒண்ட ஒரு சுவர் இருக்கிறது என்பது அந்தக் கேள்விகளால்தான் வெளியே வந்தது.

புரோக்கரைப் பற்றி அவர் கேட்டதை மற்றவர்கள் ரசிக்கவில்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளை காணாமல் போனால் மலையைப் பார்ப்பதற்கு முன்னால் கொழும்பைப் பார் என்பது லயங்களில் பட்டறிந்த பாடம். வீட்டு வேலைக்கு, கடை வேலைக்கு என்று இறக்கிக்கொண்டு போகப்படும் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பதற்கு 2021 ஜூலை 15 அன்று கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தீக்காயங்களோடு இறந்த 16 வயது டயகமச் சிறுமி சாட்சி. "மேல போன புள்ளயத் தேடிப் புடிச்சுரலாம். கீழ போன புள்ளயத்தான் புடிக்க முடியாது" என்று பாட்டி தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மூன்று நாள் கணக்கு செல்லாது என்பதற்குத் தூரத்திலும் ஒரு சாட்சி உண்டு. கொலம்பியாவில் 2023 மே 1 அன்று சிறு விமானம் ஒன்று அமேசன் காட்டில் விழுந்தது. தாய் இறந்துபோக நான்கு பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள். மூத்தவளுக்கு 13 வயது, கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. மே மாத நடுவில் அந்நாட்டு ஜனாதிபதி குஸ்தாவோ பெத்ரோவே பிள்ளைகள் கிடைத்துவிட்டார்கள் என்று அறிவித்து, மறுநாள் அதைத் திரும்பப் பெற்றார். நல்ல செய்தியாக இருந்தாலும் ஊகம் ஊகம்தான். ஜூன் 9 அன்று, நாற்பதாம் நாள், நான்கு பேரும் உயிரோடு கிடைத்தார்கள். மரவள்ளி மாவையும், அது தீர்ந்ததும் காட்டுக் காய்களையும் தின்று பிழைத்திருந்தார்கள். எந்தக் காயைத் தின்னலாம் என்று மூத்தவளுக்குத் தெரிந்திருந்தது. இராணுவத்தோடு சேர்ந்து காட்டை அறிந்த பழங்குடியினரும் தேடினார்கள். இருந்த இடத்திலேயே இருங்கள் என்று அந்தப் பிள்ளைகளின் பாட்டி அவர்கள் மொழியில் சொன்னதைப் பதிவு செய்து ஹெலிகொப்டரிலிருந்து ஒலிக்கவிட்டார்கள். மூன்று நாளில் முடிந்தது என்று எவராவது கணக்கை மூடியிருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்று இல்லை.

நம் பக்கத்துக் கதை வேறு. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் சேறு. முதல் நாள் முந்நூறு பேர் என்றார்கள், பிறகு இருநூறு, பிறகு நூறு. கடைசியில் இறந்தோரும் காணாமற்போனோருமாக நாற்பதுக்குள் நின்றது. எத்தனை பேர் அங்கே குடியிருந்தார்கள் என்பதுகூட நாட்டுக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுநாளே அனர்த்த முகாமைத்துவ அமைச்சர் மகிந்த அமரவீர, உயிரோடு எவரும் இருப்பார்கள் என்று தாம் நினைக்கவில்லை என்றார். சேற்றின் ஆழத்தைப் பார்த்தவர் சொன்னது அது, பொய்யாகவும் போகவில்லை. ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பிழைப்பார்களா என்ற கேள்வியை அப்போது ஒருவரும் உரத்துக் கேட்கவில்லை. தோட்டத்து உயிர் என்றால் முன்னால் மௌனம், பின்னால் ஊகம். என்னால் இதை ஆறிப்போன விஷயமாக எழுத முடியவில்லை.

கடைக்கு வருகிறேன். மறுநாள் காலையில் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தேட வருவதாக ஓட்டோக்காரர்தான் முதலில் சொல்லியிருந்தார். நல்ல மனிதர். மாமனின் தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார். ஆனால் புலி, குளிர், மூன்று நாள் என்று பேசிப் பேசி, எழுந்திருக்கும்போது அவர் வாயிலிருந்து வந்தது: "பாப்போம் தம்பி. இனிப் போயி என்னத்த..." அந்தப் பேச்சு அங்கே ஒரு தேடுகிறவரைக் குறைத்துவிட்டது. இது என் கண்ணெதிரே நடந்தது.

குறைந்தது அவர் மட்டுமல்ல. மாமன் பாட்டியிடம் சொன்னார்: "மொத நா லயமே வந்துச்சு. இன்னைக்குப் பாதிப் பேருகூட இல்ல. அவுங்களச் சொல்லிக் குத்தமில்ல பாட்டி. பேரு போயிருமே." தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக்கப்பட்டபோது அதற்காகக் கொடுக்கப்பட்ட போராட்டம் எத்தனை ஆண்டுப் போராட்டம் என்று மலையகம் அறியும். அந்த ஒரு நாள் பேரை விட்டுத்தான் அவர்கள் காட்டில் ஏறுகிறார்கள். ஊகிக்கிறவருக்கு அதனால் ஒரு சதம் நட்டமில்லை. தேடுகிறவரின் அடுப்பில்தான் அது தெரியும்.

இதைப் படிக்கும் தோட்ட நிருவாகிகளிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளை காணாமல் போய் ஆட்கள் காட்டுக்குள் ஏறினால் அன்றைக்கு அவர்களுக்குப் பேர் போடுங்கள். இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும் போடுங்கள். காட்டையும் பழைய குடிசைகளையும் அறிந்த ஓய்வுபெற்ற பெண்களைக் கூப்பிட்டு வைத்துக் கேளுங்கள். வீட்டாருக்கும் ஒரு சொல்: விடியட்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். இருட்டியும் வரவில்லையென்றால் அன்றிரவே 119க்கு அழைத்துப் பொலிசில் முறைப்பாட்டைப் பதியுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் 1929 என்ற சிறுவர் உதவி எண்ணும் இருக்கிறது. நமக்கு எல்லோருக்கும் ஒன்று. அந்தப் பிள்ளையைக் கடைசியாக எங்கே, எந்த நேரத்தில், என்ன உடுப்போடு பார்த்தோம் என்பது தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால், அவன் வீட்டு ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவன் சாவைப் பேசாதிருப்போம்.