மாமாவின் கார்

ஊரைவிட்டு வந்து நான் தங்கியிருக்கும் கொல்கத்தா மாமாவிடம் 1994-ஆம் வருஷத்து அம்பாஸிடர் ஒன்று உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டரை எட்டியதும் அதற்குக் குளிர்ஜுரம் கண்டுவிடும். பௌதிகம் எம்.எஸ்ஸி. படிக்கும் மருமான் வீட்டிலிருக்க, மெக்கானிக் எதற்கு? "சக்கரத்தில்தான் கோளாறு, மாமா" என்றேன். என்னை நம்பி, பென்ஷன் பணத்தில் இரண்டு புது டயர் போட்டார். நடுக்கம் போகவில்லை. மாமா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. (மாமி சொன்னாள்.)

அப்புறந்தான் ஐயா, முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். அந்த வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 8 தடவைதான் சுற்றும். கைப்பேசியை டாஷ்போர்டில் வைத்து அளந்தால், அதிர்வு 37! ஓட்டத்திலேயே மாமா கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. சக்கரமுமல்ல, எஞ்சினுமல்ல. சக்கரத்தைப்போல் நான்கு மடங்குக்குமேல் சுழல்வது, அடியில் ஓடும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்.

மிஸ்திரி காருக்கடியில் படுத்து, அதைக் கையால் பிடித்துத் திருகினார். தேய்ந்துபோன யூனிவர்ஸல் ஜாயின்ட் 'கடக்'கென்றது. புதிதின் விலை ஒரு டயர் விலையில் கால்வாசிகூட இல்லை!

ஞாயிற்றுக்கிழமை வித்யாசாகர் பாலத்தில் 60-ஐத் தொட்டோம். கார் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"டயரும் புதுசாப் போச்சு, நல்லதுதாண்டா" என்றார் மாமா.