வேலை அனுமதி என்ற எதிரணி

ஃபுட்பால் மேனேஜர் கணினி விளையாட்டில் இங்கிலாந்து கிளப்பை நடத்துபவர்கள் அதிகம் திட்டுவது வெளிநாட்டு வீரர்களுக்கான வேலை அனுமதி விதியைத்தான். என் பார்வையில், அந்த விளையாட்டு நிஜத்தை நெருங்கும் இடமே அதுதான். பிரெக்சிட்டுக்குப் பின், 2021 தொடக்கத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றிய வீரர்களுக்கும் அனுமதிக்கான புள்ளிக் கணக்கு வந்துவிட்டது. தேசிய அணிக்காக ஆடிய போட்டிகள், கிளப்புக்காகக் களத்தில் நின்ற நேரம், அந்த லீகின் தரம் எல்லாம் சேர்ந்து 15 புள்ளி தேற வேண்டும். ஆக, திறமை மட்டும் போதாது. அது எந்த நாட்டில், எந்த லீகில் வெளிப்பட்டது என்பதும் கணக்கில் வரும். 2021இல் ஜப்பான் வீரர் கவோரு மிதோமாவை வாங்கிய இங்கிலாந்து கிளப் பிரைட்டன், அனுமதிக்கு அவர் தகுதி பெறாததால் ஒரு சீசன் பெல்ஜியம் கிளப் ஒன்றுக்குக் கடனாக அனுப்பியது. ஃபுட்பால் மேனேஜரில் பலரும் கையாளும் அதே வழி!

“பொழுதுபோக்க வந்த இடத்தில் அரசாங்க ஃபைல் எதற்கு?” என்று கேட்பார்கள். தடையே இல்லையென்றால், பட்டியலில் மலிவான திறமைசாலியைத் தட்டி எடுப்பதோடு வேலை முடிந்துவிடும். தடை இருப்பதால்தான் மாற்றுவழி யோசிக்கிறோம், காத்திருக்கிறோம், உள்ளூர் இளைஞனைத் திரும்பிப் பார்க்கிறோம். “விதியே அநியாயமாயிற்றே” என்பது வலுவான மறுப்பு. 2023இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே, புள்ளி எட்டாத சிலரை எடுக்க கிளப்புகளுக்கு இடம் கொடுத்து விதியைத் தளர்த்தியது. ஆனால் அநியாயத்தைத் திரையிலிருந்து நீக்கிவிட்டால் அது நிஜத்தில் நீங்கிவிடாது. ஆடுபவரை அதில் முட்டிக்கொள்ள விடுவதே நேர்மை.