தூரத்தை அளப்பதும் ஓர் அமானிதமே



ஆரணியை அடுத்த சேவூரில் வாழும் நமக்கு அளவு என்பது அன்றாடப் பேச்சு. பட்டு நூலும் சரிகையும் எடைபோட்டுத் தரப்படுகின்றன. நெய்து முடித்த சேலையும் எடைபோட்டே பெறப்படுகிறது. பாவின் நீளம் குறைந்தால் சேலை குறையும். ஓர் இழை தளர்ந்தால் பூவேலை சிதையும். அளவில் குறை செய்வோரைக் கண்டிக்கத் திருமறையில் அல்முதஃப்பிஃபீன் என்று தனி அத்தியாயமே அருளப்பட்டிருப்பதை நாம் அறிவோம். அதைக் கேட்கும்போது நம் மனம் தராசையும் முழக்கோலையும்தான் நினைக்கிறது. ஆனால் இன்று நம் சாலைகளில் வேறொரு அளவை நடந்துகொண்டிருக்கிறது. அதில் அளக்கப்படும் பொருள் பட்டன்று, நம் உயிர்.

புதிய கார்கள் பலவற்றின் முன்புறத்தில் ரேடார் பொருத்தப்படுகிறது. செங்கற்பட்டை அடுத்த மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கப்பட்டு 2021இல் வெளிவந்த எக்ஸ்யூவி 700 காரும் அவ்வகையைச் சேர்ந்ததே. முன்னால் செல்லும் வண்டி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று அது கணந்தோறும் அளக்கிறது. மோதல் நெருங்கினால் ஓட்டுநர் காலை வைக்குமுன் தானே பிரேக் பிடிக்கிறது. இருளிலும் மார்கழிப் பனியிலும் புழுதியிலும் கேமரா தடுமாறும். ரேடார் அவ்வளவு எளிதில் தடுமாறாது.

அது பயன்படுத்தும் அலையின் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். இத்தகைய குறுகிய அலைகள் நம் நாட்டுக்குப் புதியவையல்ல. கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1890களிலேயே 5 மில்லிமீட்டர் அளவிலான அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். காரின் ரேடார் சுருதி ஏறிக்கொண்டே செல்லும் ஓர் அலையை அனுப்புகிறது. அது பொருளில் பட்டுத் திரும்புவதற்குள், அனுப்பப்படும் அலையின் சுருதி மேலும் உயர்ந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தூரத்தைச் சொல்கிறது. 100 மீட்டர் சென்று திரும்ப அலைக்கு ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஆயினும் சுருதி ஏறும் வீச்சு 1 கிகாஹெர்ட்ஸ் இருந்தால், முன்னும் பின்னுமாக 15 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு பொருள்களைத் தனித்தனியே அறிய இயலும்.

தூரம் தெரிந்தால் போதுமா? போதாது. அது எத்திசையில் உள்ள தூரம் என்பதும் தெரிய வேண்டும். அனுப்ப 3, பெற 4 ஆன்டெனாக்கள் கொண்ட எளிய ரேடார் 12 ஆன்டெனாக்களுக்கு நிகராகச் செயல்படும். அது பிரித்தறியும் கோணம் ஏறத்தாழ 10 பாகை. 100 மீட்டர் தொலைவில் அந்தக் கோணம் 17 மீட்டர் அகலத்தை அடக்கிவிடும்; நான்கு வழித்தடங்களைவிட அது அகலமானது. அதற்குள் ஒரு லாரியும், அதன் பக்கத்தில் அதே வேகத்தில் ஒரு மோட்டார் சைக்கிளும் சென்றால் என்னவாகும்? லாரியின் இரும்புடல் எழுப்பும் பேரொலியில் சைக்கிளின் மெல்லிய எதிரொலி கரைந்துபோகும். இரண்டு வண்டிகள் ஒன்றாகவே தோன்றும்.

இதற்குத் தீர்வாக அமைந்ததே பீம்ஃபார்மிங் எனப்படும் கற்றையாக்கம். பெருநாள் காலையில் ஈத்காவில் அனைவரும் ஒரே சமயத்தில் தக்பீர் முழங்கினால் அது தெருக்கோடிவரை தெளிவாகக் கேட்கிறது. அதே மக்கள் ஆளுக்கொரு நேரத்தில் முழங்கினால் இரைச்சலே எஞ்சும். வரிசையாக அமைந்த ஆன்டெனாக்களும் அவ்வாறே. ஒரு பக்கத்திலிருந்து வரும் அலை ஒவ்வோர் ஆன்டெனாவையும் நூலளவு முன்பின்னாக அடைகிறது. அந்தத் தாமதத்தைக் கணக்கில் சரிசெய்து கூட்டினால் அத்திசையின் எதிரொலி ஓங்கும். மற்றத் திசைகளின் ஒலி ஒன்றையொன்று தணிக்கும். இரைச்சல் குறைவதால் தூரத்தின் அளவும் நம்பத்தக்கதாகிறது. ஆன்டெனாவை அசைக்காமலே பார்வையைத் திருப்பலாம்.

நமக்கு வடக்கே, நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், திருப்பதியை அடுத்த காதங்கியில் வளிமண்டலத்தை ஆராயும் பெரிய ரேடார் ஒன்று இருக்கிறது. 1,024 ஆன்டெனாக்கள் அணியணியாக நின்று இதே முறையில்தான் வானை நோக்குகின்றன. அவ்வளவு பெரிய திடலில் விரிந்த கலை, அலை சுருங்கியதால் இன்று உள்ளங்கை அளவுக்குள் வந்துவிட்டது. அனுப்ப 12, பெற 16 என அமைத்தால் 192 ஆன்டெனாக்களின் பயன் கிட்டுகிறது. பார்வை ஒரு பாகையை நெருங்கும் அளவு கூர்மையாகிறது. 100 மீட்டர் தொலைவில் ஒரு பாகை என்பது 2 மீட்டருக்கும் குறைவு. அப்போது லாரி வேறு, அதன் பக்கத்தில் செல்பவர் வேறு என்று தெரியத் தொடங்குகிறது. இத்துறையில் உழைத்த பெங்களூரு நிறுவனமான ஸ்டெரேடியனை ஜப்பானின் ரெனெசாஸ் 2022இல் வாங்கியது.

இதை நாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மில் பெரும்பாலோர் இந்தக் கார்களுக்குள் அமர்பவர்கள் அல்லர். அவற்றின் முன்னால் செல்பவர்கள். சேலை மூட்டையைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு ஆரணிக்கும் காஞ்சிக்கும் செல்பவர்கள்; இஷா தொழுதுவிட்டு இருட்டில் வீடு திரும்புபவர்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்களே. ரேடாரின் திரையில் கரைந்துபோகும் அந்த மெல்லிய எதிரொலி நாம்தான். மூட்டைத் துணியும் நமக்கு உதவாது. இவ்வலைகள் துணியை ஊடுருவிச் செல்பவை.

பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைஸம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையைச் சோதனைகளால் மறுத்து, ஒளி வெளியிலிருந்து கண்ணுக்குள் வருவதாலேயே காண்கிறோம் என ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிறுவினார். ரேடாரோ அந்தப் பழைய கொள்கையின்படியே தானே கதிரை அனுப்பிக் காணும் கண். அதற்கும் அவர் காட்டிய வழியே பொருந்தும்: சோதிக்காமல் நம்பாதே. ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2023 முதல் மோட்டார் சைக்கிளைக் கண்டு கார் தானே நிற்கிறதா என்றும் சோதிக்கிறது. நம் சாலையிலோ பின்விளக்கற்ற கரும்பு டிராக்டரும் மாடும் கைவண்டியும் குடும்பத்தோடு செல்லும் ஸ்கூட்டரும் உண்டு. இங்கே சோதிக்கப்படாத அளவு நமக்கு நேரான அளவாகாது. பொறியியல் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லும் நம் பிள்ளைகள் இதை அமானிதமாகக் கருத வேண்டும். வசதியுள்ளோரின் காரைத் துல்லியமாகக் கண்டு, எளியவரின் வண்டியைத் தவறவிடும் கருவி, ஒரு பக்கம் தாழ்ந்த தராசுதான்.

விதியை நம்புவோருக்குக் கருவி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. நாம் கட்ட வேண்டிய ஒட்டகங்களும் உள்ளன: எரியும் பின்விளக்கு, தலைக்கவசம், வண்டியின் பின்னால் ஒளியைத் திருப்பும் சிவப்புப் பட்டை. மூன்று தகடுகள் ஒரு மூலையில் செங்குத்தாகக் கூடினால் வந்த திசைக்கே ரேடார் அலையைத் திருப்பும். கைவண்டிக்கும் டிராக்டருக்கும் இத்தகைய எளிய உலோக மூலையை நம் பட்டறைகளிலேயே செய்து பொருத்தலாம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்பதை ஸஹீஹ் முஸ்லிம் வாயிலாக அறிந்த நாம், இருளில் நம் வண்டியே பிறருக்குத் தொல்லையாக நிற்காமல் பார்த்துக்கொள்வதும் அக்கிளையைச் சேர்ந்ததே.

அளப்போரின் கைகளில் நேர்மையையும், வழிப்போக்கர் அனைவருக்கும் பாதுகாப்பையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.