சூரனை எப்பல வெட்டுவாங்க?

அகநானூறு 36-ஆம் பாட்டில் எருமையூரன் என்று ஒருத்தன் வருகிறான். தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் தோற்ற ஏழு பேரில் ஒருவன். அந்த எருமையூர்தான் மைசூர் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. மகிஷன் என்றாலும் எருமைதானே! 2014 நவம்பரிலிருந்து அரசாங்கக் கணக்கில் மைசூரு. பதினாலு வருஷமாக இங்கே குப்பை கொட்டியும் என் வாயில் மைசூர்தான் வருது.

ஊருக்கு ஒரு பக்கம் சாமுண்டி மலை, அடிவாரத்தில் காரஞ்சி ஏரி. மேற்கே பல்கலைக்கழகத்தை ஒட்டி குக்கரஹள்ளி ஏரி. கரையைச் சுற்றி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடவே வரும். ஆர்.கே. நாராயண் நடந்த கரை இது. புரசைவாக்கத்தில் பிறந்த தமிழர், மைசூரில் வாழ்ந்தார், எழுதியது இங்கிலீஷில். நம்ம வீட்டுப் பிள்ளைகள் எந்த மொழியில் எழுதப் போகுதுகளோ என்று கவலைப்படுகிறவர்கள் இதைத் தாராளமா மேற்கோள் காட்டலாம் :-)

மலை ஆயிரம் மீட்டருக்கு மேல் என்றதும் பயப்படாதீங்க. ஊரே எழுநூத்தி அறுபது மீட்டர் உயரத்தில் இருக்கு. பதினேழாம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் போட்ட படிகள், ஆயிரத்தெட்டு என்று கணக்கு. முக்கால்வாசி ஏறினால் ஒரே கல்லில் பதினாறடி நந்தி. ஆஷாட வெள்ளி என்றால் (நம்ம ஆடி வெள்ளி மாதிரி, கொஞ்சம் முன்னாடியே வந்துடும்) கூட்டம் தாங்காது. சொந்த வண்டியை மேலே விடமாட்டாங்க, பஸ்ஸில்தான் போகணும். இல்லாட்டி நடை.

அப்பா போன பிறகு அம்மா உடன்குடியில் தனியாக இருந்தார். போன வருஷம் ஜூனில் இங்கே கூட்டிக்கொண்டு வந்தோம். ஊர் வீட்டை விற்றுவிடலாம் என்பது எனக்கும் அண்ணனுக்கும் எண்ணம். அம்மாவிடம் பாதி சொல்லி, பாதி சொல்லவில்லை.

முட்டிவலியோடு ஆஷாட வெள்ளியில் படியேறியே தீருவேன் என்றார். கையில் குடை, துணைக்கு என் மகள். ஐம்பது படிக்கு ஒருதரம் உட்கார்ந்தார். முன்னால் ஒரு கன்னட அம்மா, படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு ஏறினார். "ஆச்சி, எத்தனை படி ஆச்சுன்னு கேக்கிறாங்க" என்று மகள் மொழிபெயர்த்தாள். "எண்ணினா ஏற முடியாதுன்னு சொல்லுட்டி." அது கன்னடத்தில் எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நந்திக்குப் பிறகு கிண்ணம் எங்கம்மா கைக்கு வந்துவிட்டது. மூணு மணி நேரம் ஆச்சு. ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்த்தது நான்.

அக்டோபரில் தசரா. ராஜ உடையார் 1610-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கி வைத்தது. முன்பு யானை மேல் மகாராஜா போவார். இப்போது 750 கிலோ அம்பாரியில் சாமுண்டியே போகிறாள். அரண்மனையிலிருந்து பன்னி மண்டபம் வரை ஊர்வலம். பன்னி என்றால் வன்னி மரம், ஆனால் அதற்குள் ஆச்சியும் பேத்தியும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

யானை, குதிரை, பேண்டு எல்லாம் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "ஏல, சூரனை எப்பல வெட்டுவாங்க?"

வெட்டமாட்டாங்க என்றதும் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! மைசூருக்கு அடுத்து எங்க குலசை தசராதான் பெரிசு என்று ஊரில் பெருமை பேசுவோம். முத்தாரம்மன் கோயில் கடற்கரையில் பத்தாம் நாள் ராத்திரி, தலை மாற்றி மாற்றி வரும் சூரனை அம்மன் வெட்டுவாள். அதுவரை மாலை போட்ட சனம் காளி, குரங்கு, குறவன் என்று வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை கேட்டு வரும். அப்பா வருஷா வருஷம் காளி கட்டுவார்.

அம்மாவுக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். மலை மேலே தேர், தேவிகெரெ குளத்தில் தெப்பம். யானை கிடையாது. விளக்கும் தண்ணீரும்தான். "இது கோயில் திருநாள்" என்றார், அவ்வளவுதான்.

இறங்கி வந்த பஸ்ஸில் வீட்டுப் பேச்சை அவரே எடுத்தார். "வேஷக்காரங்க காணிக்கைக்கு வந்து நிக்கும்போது வாசல் பூட்டிக் கெடக்கக் கூடாதுல. இந்த வருஷம் கெடந்துட்டு. அடுத்த தசராவுக்குக் கொடி ஏறதுக்கு முன்னாடி என்னைக் கொண்டு விட்டுரு. மத்த நாளு எங்க வேணாலும் இருக்கேன்."

அண்ணனிடம் சொன்னேன். வீட்டை விற்கிற பேச்சு அதோடு நின்றுவிட்டது. முட்டிவலிக்கும் தனிமைக்கும் இதுவா பதில் என்று மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை.

மைசூர்–தூத்துக்குடி ரயிலில் இந்த வருஷம் மூணு டிக்கெட் எடுத்தாச்சு. இங்கே பள்ளிக்கூடத்துக்குத் தசரா லீவு. மகள் மாலை போடணுமாம். குரங்கு வேஷமா, குறத்தி வேஷமா என்று ஆச்சிக்கும் பேத்திக்கும் ஒரு வாரமாக வழக்கு ஓடுது.